விலங்கியல் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பிளஸ் டூ அறிவியலும் நர்சிங் படிப்பும்

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் சேர ஆசை. அங்கே எல்லாமே ஆங்கிலம் என்கிறார்கள். உயிரியலை இப்போதே ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கலாமா? என் பிளஸ் ஒன் புத்தகங்களைப் பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?
– மாணவி, கருங்கல்

பதில்: பொதுத்தேர்வு முடியும்வரை தமிழிலேயே படியுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். நடுவில் மொழியை மாற்றினால் இரண்டும் அரைகுறையாகிவிடும். நர்சிங் இடமோ பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான்.

புத்தகங்களைத் தாராளமாகக் கொடுங்கள், விலங்கியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நர்சிங் முதல் செமஸ்டரின் அனாட்டமி (உடலமைப்பு), பிசியாலஜிக்கு (உடலியக்கம்) அடித்தளம் அந்தப் புத்தகத்தின் 5 முதல் 11 வரையிலான பாடங்கள்: செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, ஹார்மோன். பிளஸ் டூ விலங்கியலில் இனப்பெருக்கமும் மரபியலும் நோய்களும் உண்டு. சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பது அதில் கிடையாது.

ஆங்கிலத்துக்குத் தினமும் இருபது நிமிடம் போதும். ஒரு நோட்டில் பக்கத்துக்குப் பத்துச் சொல்: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கில எழுத்தில் அதே சொல். சொல்லை முழுதாக உருப்போடாமல் உடைத்துப் படியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி நீக்குவது, 'ஆஸ்டமி' என்றால் திறப்பு வாய் அமைப்பது. முன்னால் நெஃப்ரோ வந்தால் சிறுநீரகம், ஹெப்பாட்டோ வந்தால் கல்லீரல். இருபது முன்னொட்டும் பின்னொட்டும் தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் தாமே பிடிபடும்.

தமிழில் படித்தவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஆரிக்கிள் என்று படித்த இதய அறையை அங்கே ஏட்ரியம் என்பார்கள். யூரெட்டர் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய், யூரெத்ரா அந்தப் பையிலிருந்து வெளியே வரும் குழாய். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். தமிழில் எழுதினால் ஒன்றுதான், ஆங்கிலத்தில் நடு எழுத்து 'ஈ' என்றால் குடல், 'ஐ' என்றால் எலும்பு.

எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகட்டுகின்றன. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், ஆக 180 லிட்டர். வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர்தான். மீதி எங்கே போனது? சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான நெஃப்ரானின் எந்தப் பகுதி எதைத் திரும்ப உறிஞ்சியது? இதை எழுதினால் பிளஸ் ஒன் விலங்கியலில் ஐந்து மதிப்பெண் விடை. பெரியவர் ஒருவருக்கு மணிக்கு 30 மி.லி.க்குக் குறைவாகச் சிறுநீர் வந்தால் வார்டில் ஏன் பதறுகிறார்கள் என்பதும் இதே கணக்கில்தான் விளங்கும்.

கேள்வி: கணக்கு என்றாலே பயம். நர்சிங் போகிறவளுக்கு இயற்பியலும் வேதியியலும் எதற்கு? பாஸானால் போதாதா?
– மாணவி, குலசேகரம்

பதில்: போதாது. தரவரிசையில் அந்த மதிப்பெண்களும் சேர்கின்றன. அதைவிட, வார்டில் நீங்கள் தினமும் போடப்போவது இந்தக் கணக்குகளைத்தான்.

உங்கள் ஊரில் ரப்பர் ஷீட் அடிக்கும் வீடுகளில் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அளவாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வேதியியலின் நீர்த்தல் கணக்கு அதுதான். கிருமிநாசினியான 5 சதவீத ஹைப்போகுளோரைட்டை 0.5 சதவீதமாக்க ஒரு பங்கு மருந்துக்கு எத்தனை பங்கு தண்ணீர்? பத்து என்று சொல்பவர்களே அதிகம். சரியான விடை ஒன்பது, ஏனென்றால் பத்துப் பங்கு என்பது மருந்தையும் சேர்த்து.

சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உப்பின் மூலக்கூறு எடையான 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல். அது இரண்டு அயனிகளாகப் பிரிவதால் 0.308, இரத்தத் திரவத்தின் செறிவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வெறும் காய்ச்சி வடித்த நீரைச் சிரையில் ஏற்றினால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும். தாவரவியலில் நீங்கள் படித்த சவ்வூடு பரவல்தான் இது. தாவர செல்லுக்குச் சுவர் உண்டு, சிவப்பணுவுக்கு இல்லை.

சொட்டுக் கணக்கு: 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், சொட்டு விழும் குழாய் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. 500 × 20 ÷ 240 = நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. 240-க்குப் பதில் 4-ஆல் வகுத்து 2,500 என்று எழுதிவிட்டுக் கூசாமல் அடிக்கோடும் போடுபவர்கள் உண்டு. அலகை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவதால் வரும் வினை அது. வரிக்கு வரி அலகையும் எழுதுங்கள். தேர்வில் கடைசி விடை தவறினாலும் படிநிலைகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

பாட்டிலை ஏன் உயரத்தில் தொங்கவிடுகிறார்கள்? ஒரு மீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தம் சுமார் 74 மி.மீ. பாதரசம். கைச்சிரையின் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு, அதனால் திரவம் இறங்குகிறது. பாட்டிலைக் கை மட்டத்துக்குக் கீழே இறக்கினால் இரத்தம் குழாயில் ஏறும்.

கேள்வி: உயிரியலில் எப்போதும் விலங்கியல் பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்ய?
– மாணவர், தக்கலை

பதில்: தாவரவியல் 35, விலங்கியல் 35. மூன்று மணி நேரத்தில் ஆளுக்கு 90 நிமிடம். தாவரவியலில் 80-ஆவது நிமிடத்திலேயே பேனாவை நிறுத்திப் பழகுங்கள். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் படம். பாடத்தில் உள்ள படங்களை ஐந்து நிமிடத்துக்குள், எட்டுப் பாகம் குறித்து, நிழல் தீட்டாமல் வரைய முடிகிறதா என்று கடிகாரத்தை வைத்துச் சோதியுங்கள். செய்முறையில் கிடைப்பதை நம்பி எழுத்துத் தேர்வில் அசந்துவிட வேண்டாம்: 70-க்கு 15 எடுக்காவிட்டால் மொத்தம் 35 தாண்டியும் தேர்ச்சி இல்லை.

கேள்வி: ரிசல்ட் வருமுன்னே வேறு மாநிலக் கல்லூரிக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார் ஒரு ஏஜெண்ட். நம்பலாமா? இப்போது நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?
– ஒரு தாய், குளச்சல்

பதில்: கட்ட வேண்டாம். அசல் சான்றிதழை யார் கையிலும் கொடுக்கவும் வேண்டாம். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் தகுதியும் அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் அந்த ஆண்டுக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். நெய்யூரில் 1838-லேயே மருத்துவப் பணி தொடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் இது. தெருவுக்கு ஒரு நர்ஸ் இருப்பார், அவரிடம் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் மகளுக்கு 17 வயது நிறைய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், திருத்த நாளாகும். சாதி, இருப்பிடச் சான்றிதழ்களுக்கு இ-சேவையில் இப்போதே விண்ணப்பியுங்கள். சிறுவயதில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டதற்கு அட்டை இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். புதிதாகப் போடுவதானால் மூன்று ஊசி: முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மார்ச்சில் தொடங்கினால் செப்டம்பரில் முடியும்.