அக்கா பதில்கள்: தைப்பூச நிலவில் கடல் ஒளி தெரியாது

கேள்வி: அன்புள்ள அக்கா, கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் இரவில் தண்ணீர் நீலமாக ஒளிர்வதைப் படகில் போய்ப் பார்க்கலாம் என்கிறார்கள். என் அம்மா 40 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது 72 வயது. முழங்கால் வலி உண்டு. அவரையும் என் இரண்டு பிள்ளைகளையும் தைப்பூச விடுமுறையில் அழைத்துப்போக ஆசை. எப்படித் திட்டமிடுவது?
- வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: போங்கள் தங்கச்சி. அம்மாவை அவசியம் அழைத்துப்போங்கள். ஆனால் தைப்பூசத்தன்று வேண்டாம். பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. நிலா பாலாய்க் காயும் இரவில் அந்த மெல்லிய ஒளி கண்ணுக்கே தட்டுப்படாது. சில வருடங்களுக்கு முன் நானே இப்படி ஏமாந்தேன். பௌர்ணமிக்கு மறுநாள் என்று தெரிந்தும் படகுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டுப் பேரிடமும் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டார். கைவலையைத் தண்ணீரில் விட்டு விட்டு எடுத்தோம். சேலை நனைந்ததுதான் மிச்சம். பேரன் வீடு வரும்வரை அழுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே முதலில் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பாருங்கள். பௌர்ணமிக்குப் பிறகு நிலா நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தாமதித்து எழும். தேய்பிறை அஷ்டமியில் அது தலைகாட்டவே நள்ளிரவாகிவிடும். அன்றிலிருந்து அமாவாசை கடந்து வளர்பிறை துவிதியை வரை முன்னிரவு நல்ல இருட்டாக இருக்கும்.

எல்லோரும் அமாவாசையன்றுதான் போவார்கள். உங்கள் அம்மாவுக்காக நான் சொல்வது தேய்பிறை தசமி அல்லது ஏகாதசி. அமாவாசையை ஒட்டி நீர் ஏற்றமும் வற்றமும் மிகுதி. நீர் வற்றிய நேரத்தில் படகுத்துறைப் படிகள் சேறு பூசிக்கொண்டு செங்குத்தாகக் கீழே இறங்கும். படகு ஆள் உயரத்துக்கும் கீழே கிடக்கும். முழங்கால் வலியோடு அதில் இறங்குவது ஆகாத காரியம். ஏகாதசியில் இருட்டும் குறையாது, நீரும் அவ்வளவு இறங்காது. எப்படியும் படகுக்காரரை முதல் நாளே அழைத்து, புறப்படும் நேரத்தில் நீர் ஏறியிருக்குமா என்று கேட்டுவிடுங்கள். பிற்பகலில் கனமழை கொட்டினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆற்று வெள்ளம் கலங்கி இறங்கும்போது ஒளி மங்கிவிடும். தீபாவளியை ஒட்டிய இரவுகளில் நிலா இல்லாவிட்டாலும் நான் அப்போது போகச் சொல்லாததற்கு அந்த மழைதான் காரணம்.

நீங்கள் போகிற வழியில்தான் கம்போங் குவாந்தான் இருக்கிறது. முதலில் அங்கே மின்மினி பாருங்கள். துடுப்புப் படகு, இயந்திரச் சத்தம் இல்லை. சிலாங்கூர் ஆற்றோரத்து பெரம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும். அந்த இருட்டில் இருந்துவிட்டு வந்தால் கண்ணும் பழகியிருக்கும். கண் பழக 20 நிமிடமாவது வேண்டும். நடுவில் ஒருவர் கைத்தொலைபேசியைத் திறந்தாலும் படகில் இருக்கும் அத்தனை பேருக்கும் மறுபடி முதலிலிருந்துதான். பிள்ளைகளின் தொலைபேசிகளைக் கரையிலேயே வாங்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். படகு ஆடுகிறபோது எடுக்கும் படம் எப்படியும் கலங்கித்தான் வரும்.

இரண்டாம் முறை நான் போனது ஓர் ஏகாதசி இரவில். இயந்திரத்தை நிறுத்தியதும் தண்ணீர் மை போலக் கிடந்தது. கையை விட்டு அளைந்தேன். விரல்களைச் சுற்றி நீலம் பற்றிக்கொண்டது. கையை வெளியே எடுத்தபோது, முழங்கையில் வழிந்த ஒரு துளிக்குள் ஊசிமுனை அளவில் இரண்டு பொறிகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தன. அந்தக் கணத்தில் என் அம்மா நினைவுக்கு வந்தார். விடியுமுன் பால்மரக் காட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போகும்போது, தலைவிளக்கை அணைத்துவிட்டு, உளுத்துப்போன கட்டையில் பச்சையாக ஒளிரும் காளானைக் காட்டுவார். உங்கள் அம்மாவும் பார்த்திருப்பார். படகில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: உலகிலேயே அதிகமாக ஒளிரும் விரிகுடா போர்ட்டோ ரிக்கோவில் இருக்கிறதாம். நம் ஊரில் 'நீலக் கண்ணீர்' என்று சொல்லும் இந்த ஒளி அதற்கு ஈடாகுமா? தண்ணீர் ஏன் ஒளிர்கிறது?
- கல்லூரி மாணவர், ஈஜோக்

பதில்: ஈடாகாது தம்பி. வியேக்கஸ் தீவில் உள்ள மஸ்கிட்டோ விரிகுடாவுக்குத்தான் கின்னஸ் பட்டம். அங்கே ஒளிர்வது பைரோடினியம் பகாமென்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிர். விரிகுடாவின் வாய் குறுகல், சுற்றிலும் கண்டல் காடு. இலை மக்கி உரமாகிறது. வளர்ந்த உயிர்கள் கடலுக்கு அடித்துப்போகாமல் உள்ளேயே தங்குகின்றன. நம் ஆற்றுமுகம் திறந்த வாய். ஏற்ற வற்றம் நாள்தோறும் அலசிவிடுகிறது. அதனால் ஒரு நாள் பளிச்சென்றும் மறுநாள் மங்கலாகவும் இருக்கும். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அடித்தபின் வியேக்கஸிலும் ஒளி மாதக்கணக்கில் மங்கியிருந்து பிறகுதான் மீண்டது. அங்கே இப்போது நீந்தத் தடை. அது சரியான தடை என்பேன்.

தண்ணீர் அசைந்ததும் அந்தச் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. உடனே லூசிஃபெரின் என்னும் பொருள் உயிர்வளியோடு சேர்ந்து ஒளிவிடுகிறது. பத்தில் ஒரு நொடிதான். தன்னைத் தின்ன வரும் சிற்றுயிரை அது மிரட்டும். அந்தச் சிற்றுயிரைத் தின்னும் மீனுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கடல் நீரில் நெடுந்தூரம் போவது நீல ஒளிதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், நிறம் ஏன் நீலம் என்பதும் புரியும்.

கேள்வி: அந்தத் தண்ணீரைத் தொட்டால் விஷமா? அங்கே பிடிக்கும் மட்டி, சிப்பி சாப்பிடலாமா?
- வாசகர், ஜெராம்

பதில்: கையை விடலாம். புண் இருந்தால் வேண்டாம். கொசு மருந்து பூசிய கையை விடாதீர்கள். அது அந்த உயிர்களுக்குக் கேடு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் மருந்தே தேவைப்படாது.

சாப்பிடுவது வேறு விஷயம். வியேக்கஸில் ஒளிர்கிற அதே இனத்தின் இன்னொரு வகைதான் 1976 முதல் சபா கரையோரத்தில், கடல் நீரையே சிவக்கவைக்கும் நச்சுச் 'செவ்வலை'யாகப் (red tide) பெருகி உயிர்களைக் குடித்தது. நஞ்சு மட்டியிலும் சிப்பியிலும் சேர்கிறது. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் போகாது. மீன்வளத் துறை எச்சரிக்கை விடுத்திருந்தால் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனால் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.