டிரிபிள் பட்டியலில் முதலிடம்: எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: மேஜர் லீக் பேஸ்பால் சமீபமாகத்தான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஹோம்ரன் பட்டியலில் முதலிடம் 50, 60 என்று போகிறது. டிரிபிளில், அதாவது ஒரே அடியில் மூன்றாம் பேஸ் (ஓடித் தொட வேண்டிய நிலை) வரை ஓடிச் சேர்வதில், 14 எடுத்தாலே முதலிடம். ஆனால் 1912-இல் ஒருவர் 36 எடுத்திருக்கிறாராம். இன்றைய ஆட்டக்காரர்கள் அவ்வளவு மோசமா? இந்தப் பட்டியலை எப்படிப் பார்ப்பது?

பதில்: மோசமெல்லாம் இல்லை, மைதானமும் பந்தும் மாறிவிட்டன. அந்த 36-க்குச் சொந்தக்காரர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் சீஃப் வில்சன். அவர் அணியின் மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் சுவரின் மிகத் தூரமான பகுதி 450 அடிக்கும் அப்பால் இருந்தது. பந்தும் இன்றைய பந்துபோலப் பறக்காது. ஓங்கி அடித்த பந்து ஃபீல்டர்களுக்கு நடுவே விழுந்து உருண்டுகொண்டே போகும், பேட்டர் ஓடிக்கொண்டே இருப்பார். இன்று அதே அடி சுவரைத் தாண்டி ஹோம்ரன் ஆகும், இல்லையென்றால் சுவரில் பட்டுத் திரும்பி டபுளோடு, அதாவது இரண்டாம் பேஸோடு, நிற்கும். இன்னொன்று, வில்சனே வேறெந்த சீசனிலும் 15-ஐத் தொடவில்லை. அதனால் அந்த 36-ஐ அளவுகோலாக வைக்காதீர்கள்.

கிரிக்கெட்டில் பெரிய மைதானத்தில் மூன்று ரன் ஓடி எடுப்பதைப் பார்த்திருப்பீர்களே, டிரிபிளும் ஏறக்குறைய அதுதான்: இடமும் வேண்டும், காலும் வேண்டும். ஆகவே முதலிடத்தில் இருப்பவர் எந்த அணி என்று முதலில் பாருங்கள். டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு, டெட்ராய்ட்டின் கொமெரிகா பார்க் இரண்டிலும் அவுட்ஃபீல்டு மிக விரிவானது. 2007-இல் 23 டிரிபிள் எடுத்த கர்டிஸ் கிராண்டர்சன் அப்போது டெட்ராய்ட் அணிக்காரர்தான். சொந்த மைதானத்தில் எத்தனை, வெளியூரில் எத்தனை என்ற பிரிப்பு புள்ளிவிவரப் பக்கங்களில் கிடைக்கும். அதைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

அப்புறம், எந்தக் கை பேட்டர்? இடக்கைக்காரர் இழுத்து அடித்தால் பந்து வலது மூலைக்குப் போகும். அங்கிருந்து மூன்றாம் பேஸுக்கு எறிவதுதான் மிகத் தூரமான எறி. முதல் பேஸுக்கும் அவர் ஓரிரு எட்டு பக்கத்தில் நிற்கிறார். 2024-இல் ஆளுக்கு 14 எடுத்த ஜேரன் டுரான், கார்பின் கேரல் இருவரும் இடக்கை பேட்டர்கள்தான். கேரல் மறு ஆண்டே 17 எடுத்தார்.

ஃபீல்டர் தடுமாறியதால் மட்டுமே பேட்டர் மூன்றாம் பேஸை எட்டினால் அது டிரிபிள் கணக்கில் சேராது. டபுள், கூடவே ஒரு எரர் என்றுதான் எழுதுவார்கள்.

ஒரே சீசனில் முதலிடம் வந்தவரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் நாலைந்து பந்து அதிர்ஷ்டவசமாக மூலையில் விழுந்தாலே வரிசை தலைகீழாகிவிடும். திரும்பத் திரும்ப வருபவரைத்தான் நம்பலாம். லான்ஸ் ஜான்சன் சிகாகோ வைட் சாக்ஸுக்காக ஆடி 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சீசன் அமெரிக்கன் லீகில் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) முதலிடம். பிறகு நியூயார்க் மெட்ஸுக்குப் போனார். மைதானம் மாறியது, லீகே மாறியது. 1996-இல் 21 டிரிபிளோடு நேஷனல் லீகிலும் அவரே முதலிடம். அந்த ஆண்டு அவர் அடித்த ஹோம்ரன் வெறும் 9.