கோடைப் பயிற்சிக்குக் கடன் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. வரைபடங்களை ஒருமுறை பார்த்தால் போதும், மனத்திலிருந்தே வரைந்துவிடுவான். ஆனால் ஏடிஹெச்டி எனப்படும் கவனச்சிதறல் நிலையும், எழுதுவதில் இடர்ப்பாடும் இருப்பதாகக் கண்டறிந்துள்ளனர். சென்ற கோடையில் கையெழுத்து, நீச்சல், சதுரங்கம், ரோபோட்டிக்ஸ் என நான்கு எட்டு வார முகாம்களில் ஓராண்டுத் தவணைக் கடனில் சேர்த்தோம். கையெழுத்திலிருந்தும் ரோபோட்டிக்ஸிலிருந்தும் இரண்டாம் வாரமே விலகிவிட்டான். மாத வருமானத்தில் 9 சதவீதம் அந்தத் தவணைக்குப் போகிறது. இன்னும் மூன்று மாதம் பாக்கி. இப்போது என் நாத்தனார் இரண்டாண்டுக் கோடிங் தொகுப்பு ஒன்றில் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார். “வட்டியில்லாத் தவணை”, மாதம் வருமானத்தில் 11 சதவீதம். கடனில் சேர்க்கலாமா, அல்லது அவசரகாலச் சேமிப்பை எடுத்து மொத்தமாகக் கட்டி, 10 சதவீதத் தள்ளுபடியைப் பெறலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அவனுக்கு எதில் நாட்டம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். இருந்தும் சென்ற ஆண்டு சேர்த்த நான்கில் ஒன்றுகூட வரைபடத்தோடு தொடர்புடையது அல்ல. குழந்தை இன்னும் போய்ப் பார்த்திராத வகுப்புக்கு, இன்னும் சம்பாதிக்காத பணத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் பழக்கம்தான் உங்களுக்குக் கேடு செய்கிறது.

மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். பழைய தவணை 9 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 108. நான்கு முகாம்களின் கட்டணமும் ஏறக்குறைய சமம் என்றால், அவன் விட்டுவந்த இரண்டுக்கும் 54. போன இரண்டு வாரங்களைக் கழித்தாலும் 40 வீண். அவன் விலகிய பிறகும் தவணை நிற்காததற்குக் காரணம் எளியது. இத்தகைய ஏற்பாடுகளில் கடன் கொடுத்த நிறுவனம் முகாம் நடத்துபவருக்குப் பெரும்பாலும் கட்டணத்தை மொத்தமாக முதலிலேயே செலுத்திவிடும். அதன்பின் நீங்கள் கடன்பட்டிருப்பது கடன் நிறுவனத்துக்கு, வகுப்புக்கு அல்ல. கவனம் எப்போது எதில் நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு குழந்தைக்கு இதைவிடப் பொருந்தாத ஒப்பந்தம் இருக்க முடியாது.

புதிய தொகுப்பு 11 வீதம் 24 மாதத்துக்கு 264, அதாவது இரண்டரை மாத வருமானத்துக்கும் மேல். அதை வட்டியில்லாதது என்று சொல்வதை ஏற்காதீர்கள். இங்கே மட்டும் தொகுப்பின் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மொத்தமாகக் கட்டுபவர் தருவது 90. தவணையில் கட்டுபவர் 100 கட்டுவதோடு, பெரும்பாலும் 3 சதவீத அளவில் ஒரு பரிசீலனைக் கட்டணமும் தர வேண்டியிருக்கும். ஆக, 13 கூடுதல். நிலுவை 90-இல் தொடங்கி மாதாமாதம் குறைந்துகொண்டே போவதால், இரண்டாண்டுகளில் அதன் சராசரி 45 அளவே என்பதால், ஆண்டுக்கு ஏறக்குறைய 14 சதவீத வட்டி ஆகிறது. சேமிப்பிலிருந்து கட்டினால் இந்த வட்டி மிச்சமாகும், உண்மை. ஆனால் அவன் இரண்டாம் வாரம் வேண்டாம் என்றால், போவது வட்டி அல்ல, அவசரகாலச் சேமிப்பே.

கோடிங் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் அறிவுக்கூர்மையுள்ள குழந்தை என்றாலே கோடிங், மூளைப் பயிற்சிச் செயலி, கைரேகை பார்த்துத் திறமை சொல்லும் சோதனை என்று விற்பவர்கள் வரிசைகட்டி வருகிறார்கள். கைரேகைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளில் லூமோசிட்டி நிறுவனம் தந்த வாக்குறுதிகள் ஆதாரமற்றவை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2016-இல் அந்நிறுவனம் பணம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்பூக்கம், எடுத்த பணியில் விடாப்பிடி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் தனித்திறன் வெளிப்படுகிறது என்று கல்வி உளவியலாளர் ஜோசஃப் ரென்சுல்லி 1978-இல் எழுதினார். மூன்றாவதைக் கட்டணம் கட்டி வாங்க முடியாது. யாரும் சொல்லாமலே உங்கள் மகன் திரும்பத் திரும்பப் போய் உட்காரும் இடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. பணம் அங்கே போகட்டும்.

மீண்டும் மாத வருமானம் 100 என்ற கணக்குக்கே வருவோம். புதிய தவணைக்கு மாதம் 11 ஒதுக்க முடியும் என்று நீங்களே கணக்கிட்டிருப்பதால், கோடையின் இரண்டு மாதங்களில் உங்கள் கையில் 22 இருக்கும். அதில் 12-ஐ மட்டும் அவனுடைய கோடைக்கு வையுங்கள். பாதியை, நில அளவையோ புவியியலோ படிக்கும் ஒரு மாணவர் வாரம் இரண்டு மணி நேரம் அவனோடு உட்கார்ந்து வரைபடம் உருவாக்கக் கொடுங்கள். வாராவாரம் பணம் கொடுங்கள், முன்பணம் வேண்டாம். தாள், திசைகாட்டி போன்றவற்றுக்கு 2. எஞ்சிய 4-ஐ எதற்கும் ஒதுக்காதீர்கள், ஏனெனில் நான்காம் வாரத்தில் அவன் கேட்கப்போவது என்னவென்று இன்று அவனுக்கே தெரியாது. வரைபடத்துக்கான குறிப்புகளை அவன் எழுத வேண்டாம். பேசிப் பதிவு செய்யட்டும். எழுதுவதற்கான சிகிச்சைப் பயிற்சி ஏதேனும் நடந்துவந்தால் அது தனியாகத் தொடர வேண்டும், அந்தச் செலவைக் குறைக்கக் கூடாது. ஆனால் அவனுக்குப் பிடித்த நேரத்துக்குள் அதை நுழைக்காதீர்கள். நீச்சல் அவனுக்குப் பிடித்திருந்தால், மாதாமாதம் கட்டும் இடமாகப் பார்த்து அந்தப் பன்னிரண்டுக்குள்ளேயே அடக்குங்கள்.

மீதி 10 பழைய கடனுக்கு. முன்கூட்டி அடைப்பதற்குத் தனிக்கட்டணம் இல்லையென்றால், மூன்று மாத நிலுவை இரண்டு மாதத்திலேயே முடிந்துவிடும். விட்டுவந்த இரண்டு முகாம்களின் ஒப்பந்தத்தையும் எடுத்து, பணம் திருப்பித் தரும் விதி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

நாத்தனாரிடம் பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். தன் அக்காவிடமோ தங்கையிடமோ அவர் சொல்லும் மறுப்பு ஒரு நாள் வருத்தத்தோடு முடியும்; நீங்கள் சொன்னால் அது குடும்பப் பேச்சாகிவிடும். “இந்த ஆண்டு கடனில் எதுவும் சேர்ப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம்” என்று அவர் சொன்னால் போதும், கோடிங்கின் நன்மை தீமைகளை விவாதிக்க வேண்டியதில்லை. உதவியே ஆக வேண்டும் என்று நாத்தனார் விரும்பினால், அந்த மாணவரின் ஒரு மாதக் கட்டணத்தை அவர் ஏற்றுக்கொள்ளட்டும்.