கேம்கார்டர் டேப்பைக் கணினியில் ஏற்றும்போது ஒலி படத்தை முந்திக்கொள்கிறது, எப்படிச் சரிசெய்வது?

மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி கேபிளையும் கேமராவின் படத்தையும் ஒலியையும் கணினிக் கோப்பாக மாற்றும் ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவியையும் வைத்துத்தான் நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நானும் வீட்டில் அப்படித்தான் தொடங்கினேன்.

2004-இல் நடந்த என் தங்கையின் திருமணம் மினிடிவி என்ற சிறிய டிஜிட்டல் டேப்பில் இருக்கிறது. முதலில் அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மாற்றி வாங்கினேன். முகூர்த்தக் காட்சியில் பெரியப்பா வாயைத் திறப்பதற்குள்ளாகவே, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்ற அவருடைய குரல் வந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "டேப் பழசு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். டேப் கெட்டிருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். ஒரே சீராக முந்திக்கொண்டே போகாது. பணம் வாங்கிக்கொண்டு சொல்லப்பட்ட அந்தப் பதில் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கேப்சர் கருவி வாங்கி வீட்டில் நானே பதிவு செய்தபோதும் அதே குறை இருந்ததால், தவில்காரரின் கழி தோலில் விழும் கணங்களைத் தேடி ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு படச்சட்டமாக, எண்ணினேன். தொடக்கத்தில் வேறுபாடே இல்லை. முப்பதாவது நிமிடத்தில் ஒலி 18 ஃபிரேமும், அறுபதாவது நிமிடத்தில் 36 ஃபிரேமும் முன்னால் இருந்தது. பால் (PAL) என்ற நம் நாட்டு வீடியோ முறையில் நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால் அது 1.44 நொடி. இப்படிச் சீராக வளர்ந்தால், படம் கேமராவின் கடிகாரத்திலும் ஒலி கேப்சர் கருவியின் கடிகாரத்திலும் ஓடுகின்றன என்று பொருள். ஒலியை மட்டும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து அந்த 1.44 நொடி அளவுக்கு நீட்டினால் போதும்; 0.04 விழுக்காட்டு மாற்றம் காதுக்குத் தெரியாது. மாறாக, வேறுபாடு திடீரெனத் தாவினால் கணினி ஃபிரேம்களைத் தவறவிட்டிருக்கிறது. அப்போது எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை, மீண்டும்தான் பதிவு செய்ய வேண்டும்.

ஆனாலும் உங்களுடையதும் மினிடிவி என்றால் இந்த ஒட்டு வேலையே வேண்டாம். ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு வழியாக எடுத்தால் டேப்பில் உள்ள எண்தரவு, ஒலியும் படமும் ஒரே ஓட்டமாக, அப்படியே கணினிக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். "இந்தக் காலத்தில் ஃபயர்வயருக்கு எங்கே போவது" என்று சிலர் சொல்லக்கூடும். மேசைக் கணினியில் செருகும் ஓர் அட்டை போதும், நான் பழையது ஒன்றைத்தான் வாங்கினேன். கேமராவின் யூஎஸ்பி துளையை நம்பாதீர்கள். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் அது புகைப்படங்களை எடுக்கவும் தரம் குறைந்த நேரலைக்கும்தான்.

அப்படி எடுத்த பிறகும் எனக்கு ஓரிடத்தில் ஒலி பிசகியது. மாப்பிள்ளை அழைப்பை மட்டும் யாரோ 12 பிட் ஒலியில் எடுத்திருந்தார்கள். அது 32 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு 32,000 முறை அளப்பது), மற்றவை 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். கோப்பின் தொடக்கத்தில் கண்ட அளவையே மென்பொருள் கடைசிவரை பிடித்துக்கொண்டது. முறை மாறும் இடத்தில் டேப்பை நிறுத்தி, அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாகப் பதிவு செய்ததும் சரியாகிவிட்டது. இப்போது பெரியப்பாவின் கை உயரும் ஃபிரேமிலேயே அவருடைய குரலும் வருகிறது.