எலிசபெத் மெல்வில்

அன்புள்ள ஐயா,

ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' படிக்கிறேன். திமிங்கலத்தின் உடற்கூறு பற்றிய அத்தியாயங்களில் சிக்கி நிற்கிறேன். அவற்றைத் தாண்டிப் படிக்கலாமா? இப்படிப்பட்ட மேதை சுங்க அதிகாரியாகக் காலம் தள்ளி, எழுதுவதையே விட்டுவிட்டார் என்று அறிந்தபோது மனம் கனத்தது. வீட்டிலும் அவரைப் புரிந்துகொள்ள ஆளில்லையாமே?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. கொஞ்ச நாளாக மெல்வில்லின் மனைவி எலிசபெத் அம்மாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுங்க வேலைக்காக அழ வேண்டாம். 1866 முதல் 1885 வரை நியூயார்க் துறைமுகத்தில், நாளுக்கு 4 டாலர் சம்பளம். அது குடும்பத்துக்குச் சோறு போட்டது. எழுதுவதை விட்டார் என்பது சுத்தப் பொய். ஏறக்குறைய 18,000 வரிகள் கொண்ட 'கிளாரல்' என்ற நெடுங்கவிதை 1876இல் வந்தது அந்த வேலையில் இருந்தபோதுதான்.

ஆனால் "புரிந்துகொள்ள ஆளில்லை" என்று எப்படி எழுத மனம் வந்தது? யாரோ சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறீர்கள். மெல்வில் லேசான கணவர் அல்ல. 1867இல் எலிசபெத்தை அவரிடமிருந்து பிரித்து அழைத்துப்போகப் பிறந்தவீட்டார் யோசனை செய்தார்கள். அவர் போகவில்லை. அதே ஆண்டு மூத்த மகன் மால்கம் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தான். 'கிளாரல்' அச்சாகும் வேளையில், இந்தப் புத்தகம் எங்கள் சந்தோஷத்தையே குலைத்துவிட்டது என்று எலிசபெத் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு எழுதினார். அப்படி எழுதியவரை ரசனையில்லாதவர் என்பதா? பக்கத்தில் இருந்து பட்டவர் அவர். அவருக்கு வந்த வாரிசுப் பணம் இருந்ததால்தான் மெல்வில்லால் கடைசியில் வேலையை விட முடிந்தது.

மெல்வில் கடைசியாக எழுதிய 'பில்லி பட்' குறுநாவலின் கைப்பிரதியைப் பாருங்கள். பென்சில், மை, அடித்தல் மேல் அடித்தல், ஒட்டிய துண்டுத்தாள்கள். நடுவே எலிசபெத்தின் கையெழுத்திலும் குறிப்புகள். முடிவில் 1891 ஏப்ரல் 19 என்று தேதி. செப்டம்பரில் மெல்வில் போய்விட்டார். அந்தத் தாள்களைக் குப்பை என்று அடுப்பில் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? 1906இல் தான் சாகும்வரை எலிசபெத் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். பிறகு பேத்தியின் கைக்குப் போய், 1924இல் அச்சேறியது.

சரி, உங்கள் கேள்வி. தாண்டாதீர்கள். 87ஆம் அத்தியாயத்தில், தெளிந்த நீருக்கடியில் தாய்த் திமிங்கலங்கள் குட்டிகளுக்குப் பால் கொடுக்கின்றன. அதைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.