தத்தெடுத்த சாம்பல் கிளிக்கு அடிக்கடி நடுக்கம் வருகிறது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

தத்தெடுத்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு ரத்தத்தில் கால்சியம் குறைவு, அவ்வப்போது நடுக்கம், நெஞ்சு இறகைப் பிடுங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் இதே நிலையில்தான் ஒன்று வந்தது.

முதலில் கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். கிளி தன் நோயை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு சுருண்டு உட்காரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். எடை அதற்கு முன்பே இறங்கிவிடும். 450 கிராம் கிளி 405க்கு வந்தால் அன்றே பறவை மருத்துவரிடம் ஓடுங்கள்.

அப்புறம் தீனி. இந்த இனத்துக்குக் கால்சியம் குறைவது சகஜம், அதனால் நடுக்கம் வரலாம். பழைய வீட்டில் வெறும் சூரியகாந்தி விதை போட்டு வளர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதில் கொழுப்புதான் அதிகம். பெல்லட்டுக்கு, அதாவது சத்துகள் கலந்து கடையில் விற்கும் குறுணைத் தீனிக்கு, மெல்ல மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஆகும். என் கிளி முதல் பத்து நாள் ஒவ்வொரு பெல்லட்டையும் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் போட்டது. முருங்கைக்கீரை, கேரட் கொடுக்கலாம். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்குக் காலை வெயில், கூண்டில் பாதி நிழலோடு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. கால்சியம் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.

கூண்டுக் கம்புகளைத் தாழ்த்தி, அடியில் துண்டு விரியுங்கள். நடுக்கத்தில் விழுந்தாலும் அடிபடாது. இறகு பிடுங்குவதற்கு ஒரே காரணம் கிடையாது. திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.