சிக்னல் முழுசாக இருக்கிறது, அழைப்பு மட்டும் போகவில்லை: மோடம் போய்விட்டதா?

கேள்வி: பழைய கூகுள் பிக்சல் 3ஏ போன் ஒன்றில் ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு உபுண்டு டச் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். 4ஜி சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, இணையம் நன்றாக ஓடுகிறது, ஓடிபி குறுஞ்செய்திகளும் வருகின்றன. ஆனால் யாருக்கு டயல் செய்தாலும் உடனே கட்டாகிறது. என்னை அழைப்பவர்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வருகிறதாம். ஒரு குழுவில் கேட்டேன். "ஐஎம்இஐ அழிந்துவிட்டது, மோடம் ஃபைல் ஏற்ற வேண்டும், கணினியை ரிமோட்டில் கொடுங்கள், பாதிப் பணம் முன்கூட்டியே அனுப்புங்கள்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? போனைக் கெடுத்துவிட்டேனா?

பதில்: கொடுக்காதீர்கள். ரிமோட்டும் வேண்டாம், பணமும் வேண்டாம். போனை நீங்கள் கெடுக்கவில்லை. மோடம் என்பது போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் பகுதி, ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண். அவர் சொல்வது உண்மையா என்று அரை நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். டயல் செய்யும் இடத்தில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க எண் வருகிறதா? போன் வந்த பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா? அப்படியானால் ஐஎம்இஐ பத்திரமாக இருக்கிறது.

அதோடு, ஐஎம்இஐ உண்மையிலேயே அழிந்த போன் பெரும்பாலும் நெட்வொர்க்கில் சேரவே சேராது. உங்கள் போனில் இணையம் ஓடுகிறது, குறுஞ்செய்தி வருகிறது. மோடம் செத்த போன் இதையெல்லாம் செய்யுமா? அந்த ஆள் உங்கள் கேள்வியை முழுசாகப் படித்தாரா என்பதே சந்தேகம்தான்.

சரி, பிறகு ஏன் அழைப்பு மட்டும் போகவில்லை?

4ஜியில் குரலுக்கென்று தனி வழி கிடையாது. 2ஜி, 3ஜியில் நீங்கள் பேசி முடிக்கும்வரை ஒரு தடத்தை உங்களுக்காக ஒதுக்கி வைப்பார்கள். 4ஜி முழுக்க முழுக்க டேட்டாவுக்காகக் கட்டியது. அதில் பேச வேண்டுமானால் குரலையும் டேட்டாவாக்கி அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் வோல்ட்டீ. அது ஓடுவதற்கு, போனுக்குள் ஐஎம்எஸ் என்ற ஒரு மென்பொருள் நெட்வொர்க்கின் குரல் சர்வரில் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் சிப் கம்பெனி கொடுத்த மூடிய நிரல் ஒன்று பின்னணியில் சத்தமில்லாமல் இதைச் செய்துவிடும். உபுண்டு டச் ஆண்ட்ராய்டிலிருந்து எடுத்துக்கொள்வது அடித்தட்டை மட்டும்தான். வன்பொருளை இயக்கும் கர்னல், டிரைவர்கள் ஆகியவற்றை ஹேலியம் என்ற அடுக்கு வழியாக வாங்கிக்கொள்கிறது. மோடத்தோடு பேசும் வேலையை ஓஃபோனோ என்ற வேறொரு நிரல் பார்க்கிறது. மேல்தட்டில் இருந்த அந்த ஐஎம்எஸ் நிரல் கூடவே வருவதில்லை.

வோல்ட்டீ இல்லாத போன், அழைப்பு என்றதும் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். பேசி முடித்ததும் மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். இறங்குவதற்குக் கீழே எதுவுமே இல்லையென்றாலோ, இறங்குவது தடுமாறினாலோ அழைப்பு கட்டாகும். பல நாடுகளில் 3ஜியை மூடிவிட்டார்கள், சில இடங்களில் 2ஜியும் போய்விட்டது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அத்தனையும் இதற்குத்தான் பொருந்துகின்றன. ஓடிபி வருகிறதே என்று குழம்ப வேண்டாம். குறுஞ்செய்தி சின்னது. 4ஜியின் கட்டுப்பாட்டுத் தகவல்களோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஐஎம்எஸ் தேவைப்படாது.

உறுதிப்படுத்திக்கொள்ள, அமைப்புகளில் செல்லுலார் பகுதிக்குப் போய் இணைப்பு வகையை 2ஜி/3ஜி என்று மாற்றுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மேலே நிலைப்பட்டையைப் பாருங்கள். சிக்னல் கோடுகள் திரும்ப வந்து அழைப்பும் போனால், நோய் வோல்ட்டீதான், மருந்தும் கையில் இருக்கிறது. பேச வேண்டிய நேரத்தில் அந்த அமைப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இணையம் மெதுவாகத்தான் ஓடும். கோடுகள் வராமலே நின்றுவிட்டால், நீங்கள் இருக்கும் இடத்தில் அந்த நிறுவனத்துக்குப் பழைய நெட்வொர்க் இல்லை என்று பொருள். 2ஜி இன்னும் ஓடும் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகமே மிஞ்சாது.

இந்த இடத்தில் குழுக்களில் இரண்டு யோசனை தவறாமல் வரும். ஒன்று, 'ஐஎம்எஸ் என்ற பெயரில் புது ஏபிஎன் ஒன்றைச் சேர்'. ஏபிஎன் என்பது போனின் டேட்டா நெட்வொர்க்குக்குள் போகும் பாதை மட்டும்தான். அந்தப் பாதையில் போக ஆளே இல்லாதபோது பாதை போட்டு என்ன ஆகப்போகிறது? இரண்டாவது, 'வேடிராய்டு போட்டு அதற்குள் ஆண்ட்ராய்டு டயலரை ஏற்று'. வேடிராய்டு ஆண்ட்ராய்டு செயலிகளை ஒரு தனிப் பெட்டிக்குள் ஓட்டுகிறது, அந்தப் பெட்டியிலிருந்து மோடத்துக்குக் கை எட்டாது. இரண்டிலும் உங்கள் மாலைப்பொழுதுதான் வீணாகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிக்சல் 3ஏ வைத்திருப்பவர்கள் அதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இந்த போன் 2019-ல் ஆண்ட்ராய்டு 9 உடன் வந்தது, பிறகு 12 வரை புதுப்பிப்புகள் பெற்றது. உபுண்டு டச்சோ இந்த போனில் ஆண்ட்ராய்டு 9-இன் அடித்தட்டை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. போடுவதற்கு முன் போனை 9-க்கு இறக்கிக்கொள்ளுங்கள் என்று, உபுண்டு டச்சை உருவாக்கும் யுபிபோர்ட்ஸ் குழு அந்தக் கருவிக்கான பக்கத்தில் சொல்லியிருக்கும். யாரும் படிப்பதில்லை. பழைய போன் வாங்கும்போது அதில் 12 இருக்கும், அதன் மேலேயே ஏற்றிவிடுவார்கள். நிறுவல் ஒழுங்காக முடிந்ததுபோலத்தான் தெரியும், திரையும் வரும். ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் அமைப்பு ஒரு டிரைவரைத் தேடும், கீழே வேறு பதிப்பு இருக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கோளாறு தனியாக வராது. சிம்மே தெரியாது, அல்லது வைஃபை வராது, கேமரா திறந்தால் கறுப்புத் திரை, அழைப்பு இணைந்தாலும் இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே வரும். உங்களுக்கு அழைப்பைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்கிறது என்கிறீர்கள். ஆகவே இது உங்கள் கதையாக இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் கேமராவைத் திறந்து பாருங்கள், குரல் பதிவு ஒன்று எடுத்துக் கேளுங்கள், திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அடித்தட்டைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். ஒன்றிரண்டு சொதப்பினால், கூகுள் வெளிப்படையாக வைத்திருக்கும் தொழிற்சாலைப் படிமங்களிலிருந்து (போனுக்கான மூல மென்பொருள் தொகுப்புகள்) ஆண்ட்ராய்டு 9-ஐ ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டிலேயே சிம் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். அது போகிறது என்று தெரிந்த பிறகுதான் உபுண்டு டச்சைத் திரும்பப் போட வேண்டும். நடுவில் இருக்கும் இந்த அழைப்புச் சோதனையை மட்டும் தாண்டிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டிலும் அழைப்பு போகவில்லை என்றால் கோளாறு சிம்மிலோ வன்பொருளிலோதான். அதை எந்த லினக்ஸாலும் சரிசெய்ய முடியாது.

இப்படிப் பின்னுக்குப் போகும்போது ஒரு பொறி இருக்கிறது. போனில் மென்பொருளை ஏற்றும் கூகுளின் இணையவழி ஃபிளாஷ் கருவியில் 'பூட்லோடரைப் பூட்டு' என்று ஒரு கட்டம் இருக்கும். பூட்லோடர் என்பது போனை இயக்கியதும் முதலில் ஓடி மற்ற மென்பொருளைத் துவக்கும் நிரல். அதை டிக் செய்யாதீர்கள். கூகுளின் சொந்த ஆண்ட்ராய்டு உள்ளே இருக்கும்போது பூட்டினால் பெரிய ஆபத்தில்லை, திரும்பத் திறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் உபுண்டு டச் உள்ளே இருக்கும்போது பூட்டினால், போன் துவங்கும்போது கையொப்பத்தைச் சரிபார்த்து, 'இது என் மென்பொருள் இல்லை' என்று நின்றுவிடும். ஆண்ட்ராய்டுக்குள் போய் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங் சுவிட்சைப் போடலாம் என்றால், போவதற்கு ஆண்ட்ராய்டும் இருக்காது. 'பாதுகாப்புக்காக கடைசியில் பூட்டிவிடுங்கள்' என்று அறிவுரை சொல்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

அந்த 'மோடம் ஃபைல்' விஷயத்துக்கு வருவோம். குவால்காம் சிப் உள்ள போன்களில் மோடத்தின் அமைப்புகளைக் கியூசிஎன் என்ற ஒரே கோப்பாக எடுத்து வைக்கலாம். அதில் ஐஎம்இஐ இருக்கும், அந்தக் குறிப்பிட்ட போனின் ரேடியோவுக்கு ஆலையில் செய்த அளவுத்திருத்தமும் இருக்கும். இந்த ஆட்கள் ஏற்றுவது உங்கள் போனின் கோப்பை அல்ல. எங்கோ யாரோ ஒருவருடைய போனிலிருந்து எடுத்ததை எல்லோருக்கும் ஏற்றுவார்கள். அடுத்த வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிற கதைதான். சிக்னல் முன்பைவிட மோசமாகும். உங்கள் போனின் அடையாள எண் வேறொருவருடையதாகிவிடும். அந்த எண் திருட்டுப் பட்டியலில் இருந்தால் நெட்வொர்க் உங்களைத் தடுக்கும். பல நாடுகளில் ஐஎம்இஐயை மாற்றுவதே குற்றம், 'எனக்குத் தெரியாது, ரிமோட்டில் அவர்தான் செய்தார்' என்பது அங்கே எடுபடாது. ஒருமுறை எழுதிவிட்டால் பழையதை மீட்க, நீங்கள் முன்னாலேயே நகல் எடுத்திருக்க வேண்டும். அந்த நபர் உங்களை நகல் எடுக்கச் சொன்னாரா?

ரிமோட் கொடுப்பதில் வேறு ஒரு ஆபத்தும் இருக்கிறது. அவர் கையில் இருக்கப்போவது போன் மட்டுமல்ல, உங்கள் கணினி. சேமித்த கடவுச்சொற்கள், திறந்திருக்கும் மின்னஞ்சல், எல்லாமே அங்கே இருக்கும். முன்பணத்தோடு காணாமல் போனால் அதை நல்ல முடிவு என்றுகூடச் சொல்வேன். 'எல்லாம் வேலை செய்யும்' என்று உபுண்டு டச்சை ஏற்றியே விற்கும் ஆட்களும் இதே ரகம்தான். எந்தக் கருவியில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று யுபிபோர்ட்ஸ் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் வாங்குபவர்களை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

என் கோபம் உண்மையில் இந்தச் சில்லறை ஆட்கள் மீது அல்ல. மொபைல் நெட்வொர்க் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ வோல்ட்டீயைப் பொதுவான முறையாக ஏற்று முன்னெடுத்தது 2010-ல். எத்தனை வருடம் ஓடிவிட்டது! இன்றும் சிப் கம்பெனிகள் ஐஎம்எஸ் பகுதியைப் பூட்டித்தான் தருகின்றன. சில நெட்வொர்க் நிறுவனங்கள் அதற்கும் மேலே ஒரு படி போய், தாங்கள் அங்கீகரித்த மாடல்களுக்கு மட்டும் வோல்ட்டீ என்று பட்டியல் வைத்திருக்கின்றன. போனுக்குத் திறமை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கதவு திறக்காது. பழைய நெட்வொர்க்கை மூடும் தேதியை மட்டும் சரியாக அறிவிப்பார்கள். இந்த இடைவெளியில் தன்னார்வலர்கள் இரவு உட்கார்ந்து பொருத்திப் பார்ப்பதால்தான் சில கருவிகளில் வோல்ட்டீ கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் கருவிப் பக்கத்தில் வோல்ட்டீ என்ற வரியை அவ்வப்போது பாருங்கள், புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பைன்ஃபோன் என்ற லினக்ஸ் போன் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் குவெக்டெல் மோடம் வோல்ட்டீயைத் தானே பார்த்துக்கொள்ளும். அதில் சிக்னலே வரவில்லை என்றால் முதலில் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னச் சுவிட்சுகளில் 1-ஆம் எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு இப்போதைக்கு என் ஆலோசனை இதுதான். 2ஜி/3ஜி சோதனையில் அழைப்பு போனால் உபுண்டு டச்சிலேயே இருங்கள். போகவில்லை என்றால் இந்த போனை இணையத்துக்கும் செய்திக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, பேசுவதற்குச் சாதாரணமான இன்னொரு போனில் சிம்மைப் போடுங்கள். இதில் பிடிவாதம் வேண்டாம். சாதாரண அழைப்பு போகாத போனில் அவசர எண்ணுக்கும் அழைப்பு போகாமல் இருக்கலாம். வீட்டில் வயதானவர்களோ குழந்தைகளோ இருந்தால் இந்த ஒரு போனை மட்டும் நம்பி இருக்கவே கூடாது. இணையவழிப் பேச்சுச் செயலிகள் மற்ற பேச்சுக்கு உதவும், அவசர எண்ணுக்கு அவற்றை நம்ப முடியாது.

ஆண்ட்ராய்டுக்கே திரும்புவது என்று முடிவு செய்தால், தொழிற்சாலைப் படிமம் ஏறும்போது போனில் உள்ளதெல்லாம் அழியும். படங்களையும் தொடர்புகளையும் முதலில் கணினிக்கு நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கேபிள் நல்லதாக இருக்கட்டும், பாதி ஏறும்போது இணைப்பு விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.